வேலை மாறுவதற்காகப் பலரிடம் விசாரிக்கும்போது பெயர், தேதி, குறிப்பு எல்லாம் சிதறாமல் வைத்துக்கொள்வது எப்படி?

ஒரகடம்_நிலா

வணக்கம். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஜினியராக 8 வருட அனுபவம். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாற வேண்டும். நேரடியாக அப்ளை பண்ணாமல், அந்த வேலையில் இருப்பவர்களிடம் 20 நிமிடம் பேசி வேலையின் தன்மையைத் தெரிந்துகொள்ளும் முறையை (இன்ஃபர்மேஷனல் இன்டர்வியூ) பின்பற்றுவதாகத் திட்டம்.

கையில் 34 பெயர்கள். 11 வாட்ஸ்ஆப்பில், 15 லிங்க்ட்இன்னில், மீதி கல்லூரி பேட்ச் குரூப்பிலும் மெயிலிலும். யாருக்கு அனுப்பியது, யார் "அடுத்த வாரம் பேசலாம்" என்றது, யார் யாருடைய எண் தந்தது எல்லாம் கலந்துவிட்டது. மூன்று கேள்விகள்:

எதில் பதிவு பண்ணலாம்? பதில் வராவிட்டால் எத்தனை நாள் கழித்து மறுபடி கேட்கலாம்? பேசும்போது குறிப்பு எடுப்பது எப்படி?

கணக்கர்_மதுரை

நிலா, உங்கள் தொழிற்சாலையில் 8டி ரிப்போர்ட்டுக்கு (குறையின் காரணம் கண்டு சரிசெய்யும் அறிக்கை) ஆக்‌ஷன் டிராக்கர் ஒன்று இருக்குமே: என்ன செய்ய வேண்டும், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், இப்போது எந்த நிலை. அதே எலும்புக்கூடுதான் இங்கேயும். புதிதாக எந்த ஆப்பும் வாங்க வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் ஒன்று, அதில் மூன்று டேப்.

முதல் டேப் "ஆட்கள்". ஓர் ஆளுக்கு ஒரே வரி. நெடுவரிசைகள்: பெயர், எப்படி அழைப்பது, கம்பெனியும் பதவியும், யார் மூலம் கிடைத்தார், எந்த வழியில் தொடர்பு, நிலை, கடைசியாகத் தொடர்புகொண்ட தேதி, அடுத்த வேலை, அடுத்த தேதி. ஒன்பது போதும். பதினைந்து வைத்தால் நிரப்ப மாட்டீர்கள்.

"எப்படி அழைப்பது" என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஐ.டி. கம்பெனியில் இருப்பவர் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்வார். அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலையில் இருபது வருடம் இருந்தவருக்கு "சார்" வேண்டும். கல்லூரி சீனியருக்கு "அண்ணா", "அக்கா" சரியாக இருக்கும். முதல் முறை "அண்ணா" என்று பேசிவிட்டு மூன்று வாரம் கழித்து மெயிலில் "டியர் சார்" என்று ஆரம்பித்தால், இவருக்கு நம்மை நினைவில்லை என்று அவருக்குத் தோன்றிவிடும். தமிழிலா, ஆங்கிலத்திலா என்பதையும் அதே கட்டத்தில் குறித்துவிடுங்கள்.

இரண்டாவது டேப் "பேச்சு". ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு வரி. ஒருவரிடம் மூன்று முறை பேசினால் மூன்று வரி. இதை முதல் டேப்பிலேயே திணித்தால் ஒரே கட்டத்தில் கட்டுரை எழுத நேரும், பிறகு தேட முடியாது.

மூன்றாவது "பாக்கி". பலர் விடும் இடம் இது. நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு பக்கம் (ரெஸ்யூமே, அவர் கேட்ட ஃபைல், நன்றி), உங்களுக்கு வர வேண்டியது மறு பக்கம் (நண்பரின் எண், படிப்புக்கான லிங்க்). தேதி போட்டு எழுதுங்கள். "அனுப்புகிறேன்" என்று நீங்கள் சொன்னது விட்டுப்போவதுதான் உறவை முறிக்கும். அவர் மறந்ததை நினைவூட்டலாம், தப்பில்லை.

ஷீட்டில் எங்கே அடிவாங்கும் என்று சொல்கிறேன்.

தேதி: ஷீட்டின் லொக்கேல் (எந்த நாட்டு வழக்கம் என்ற அமைப்பு) அமெரிக்காவில் இருந்தால் 05/03 என்பதை மே 3 என்று எடுத்துக்கொள்ளும். 13/03 என்றால் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக நிற்கும், வரிசைப்படுத்தும்போது தனியே ஒதுங்கும். ஃபைல் மெனு, செட்டிங்ஸ், லொக்கேல் போய் இந்தியா என்று மாற்றுங்கள். எதையும் டைப் செய்வதற்கு முன்பே மாற்ற வேண்டும், ஏற்கெனவே தப்பாகப் பதிவான தேதிகள் தானாகத் திருந்தாது.

போன் எண்: +91 என்று ஆரம்பித்தால் ஷீட் அதைக் கணக்கு என்று நினைத்துக் கூட்டல் குறியை விழுங்கிவிடும், நடுவில் இடைவெளி இருந்தால் எரர் காட்டும். அந்த நெடுவரிசை முழுவதையும் முதலிலேயே ப்ளெயின் டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள்.

சிவப்பு நிறம்: "அடுத்த தேதி" இன்றைக்கு முன்னால் போய்விட்டால் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போடுங்கள். கஸ்டம் ஃபார்முலாவில் "இன்றைவிடக் குறைவு" என்று மட்டும் எழுதினால் காலிக் கட்டங்களும் பூஜ்யமாகக் கணக்காகிச் சிவந்துவிடும். "காலியாக இல்லை" என்ற நிபந்தனையையும் சேருங்கள். மெனுவிலேயே உள்ள "டேட் இஸ் பிஃபோர், டுடே" என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

செங்காந்தள்

கணக்கர் சார் சொன்னதில் "நிலை" என்ற நெடுவரிசைக்கு டிராப்-டவுன் வைப்பது அவசியம். கையால் டைப் செய்தால் "பேசியாச்சு", "பேசியாயிற்று", "முடிந்தது" என்று மூன்று விதமாக விழும், ஃபில்ட்டர் போட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஆறு நிலை போதும்: அனுப்பவில்லை, அனுப்பியாச்சு, நாள் குறித்தாச்சு, பேசியாச்சு, நன்றி சொல்லியாச்சு, ஓய்வு.

ஒரு விதி: "ஓய்வு" தவிர எந்த நிலையில் இருந்தாலும் அடுத்த தேதி காலியாக இருக்கக் கூடாது. தேதி இல்லாத வரி என்றால் அந்த ஆளை இழந்தாச்சு என்று அர்த்தம்.

பேனாமுனை

எல்லாரும் ஷீட் ஷீட் என்கிறீர்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வருபவருக்குப் போனில் ஒன்பது நெடுவரிசையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பொறுமை இருக்காது. இரண்டு வாரம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். 200 பக்க நோட்டு ஒன்று, ஆளுக்கு ஒரு பக்கம், முதல் இரண்டு பக்கத்தில் பெயர்ப் பட்டியல். போதும்.

கணக்கர்_மதுரை

பேனாமுனை, போன் விஷயம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். முதல் நெடுவரிசையை ஃப்ரீஸ் செய்து (நகராமல் நிறுத்தி), "அடுத்த வேலை", "அடுத்த தேதி" இரண்டையும் பெயருக்குப் பக்கத்திலேயே வைத்தால் போனில் தள்ள வேண்டியிருக்காது. ஆனால் நோட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் "இன்றைக்கு யாருக்கு அனுப்ப வேண்டும்" என்று தேதிவாரியாக அடுக்கித் தராது. 34 பேர் என்றால் 34 பக்கமும் புரட்ட வேண்டும். பேசும்போது எழுத நோட்டு, தேதிக்கு ஷீட். இரண்டையும் இணைக்க, நோட்டுப் பக்க எண்ணை ஷீட்டின் "பேச்சு" டேப்பில் போடுங்கள்.

பேனாமுனை

பக்க எண் போடுவது நல்ல யோசனை. ஏற்றுக்கொள்கிறேன்.

மரகதம்_ஆள்சேர்ப்பு

நிலாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

முதல் செய்தியில் மூன்று விஷயம் மட்டும்: நீங்கள் யார், அவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், 20 நிமிடத்துக்கு இரண்டு நேரங்கள். "உங்களுக்கு எப்போது வசதியோ" என்று விட்டால் யோசிக்கும் வேலை அவர் தலையில் விழும், அங்கேயே செய்தி கிடப்பில் போகும். "வியாழன் இரவு 8 அல்லது சனி காலை 10" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம். ரெஸ்யூமே இணைக்காதீர்கள். அதைப் பார்த்த உடனே வேலை கேட்கிறார் என்று முடிவு செய்து, "எச்.ஆர். மெயிலுக்கு அனுப்புங்க" என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் அழைப்போடு சேர்க்கும் குறிப்பு 200 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அப்படிக் குறிப்போடு அனுப்பும் அழைப்புகளுக்கு மாத வரம்பும் உண்டு. ஆகவே தெரிந்தவர்களுக்கு, பழைய சக ஊழியர்களுக்குக் குறிப்பு இல்லாமலே அழைப்பு அனுப்பி, ஏற்ற பிறகு செய்தி எழுதுங்கள். குறிப்பு வசதியை முன்பின் தெரியாதவர்களுக்குச் சேமியுங்கள். அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது. அவசரப்பட்டு வாபஸ் வாங்க வேண்டாம்.

இடைவெளிக் கணக்கு, என் பரிந்துரை: முதல் நினைவூட்டல் 5 வேலை நாள் கழித்து. இரண்டாவது, அதிலிருந்து 10 வேலை நாள். அதற்கும் பதில் இல்லையென்றால் "ஓய்வு", மூன்று மாதம் தொடாதீர்கள். மூன்றாவது நினைவூட்டல் எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். வேலை நாளைக் கையால் எண்ண வேண்டாம், ஷீட்டில் வொர்க்டே ஃபங்ஷன் சனி, ஞாயிறைத் தானே தள்ளிவிடும். விடுமுறைப் பட்டியல் ஒன்று தனியாகக் கொடுத்தால் பொங்கல் நாட்கள், தீபாவளி எல்லாம் கழியும். மார்ச் கடைசி இரண்டு வாரம் கணக்கு முடிக்கும் நேரம், அப்போது பதில் வராததை மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாட்ஸ்ஆப்பில் டிஸப்பியரிங் மெசேஜ் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. அவர் அனுப்பிய எண்ணோ லிங்க்கோ குறித்த காலத்தில் தானாக அழிந்துவிடும். வந்த அன்றே "பாக்கி" டேப்புக்கு மாற்றுங்கள்.

ஒரகடம்_நிலா

மரகதம் மேடம், மிக்க நன்றி. 34 பேருக்கும் ஒரே வாரத்தில் அனுப்பிவிடலாமா?

மரகதம்_ஆள்சேர்ப்பு

வேண்டாம் நிலா. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சு 20 நிமிடம் என்றாலும் முன்தயாரிப்பு 30, பேசிய பிறகு குறிப்பைச் சுத்தமாக எழுத 15, நன்றிச் செய்தி 10, அவர் சொன்ன ஆளைத் தேடிப் பட்டியலில் சேர்க்க 15. மொத்தம் ஒன்றரை மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டே செய்பவருக்கு வாரம் இரண்டு, அதிகபட்சம் மூன்று. 34 பேருக்கும் அனுப்பி 12 பேர் ஒத்துக்கொண்டால் ஒன்பது பேரையாவது தள்ளிப்போட வேண்டி வரும். கேட்டவரே தள்ளிப்போடுவது மிக மோசமாகத் தெரியும். வாரம் 5 பேருக்கு அனுப்புங்கள். எந்த நேரத்திலும் "அனுப்பியாச்சு", "நாள் குறித்தாச்சு" இரண்டும் சேர்ந்து 12-ஐத் தாண்டக் கூடாது.

நெய்தல்_நகர்

யாருக்கு முதலில் என்ற கேள்வியும் இருக்கிறது. நெருங்கிய நண்பர்களில் ஆரம்பிப்பது இயல்பு. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. கேட்கப்பட்டவர்கள் 54 பேர்தான், சிறிய ஆய்வு. 2022-ல் லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த சோதனையும் ஏறக்குறைய அதே திசையைக் காட்டியது. ஒரு திருத்தம் மட்டும்: தொடர்பு மிகமிக மெலிதாக இருப்பவரைவிட, ஓரளவு அறிமுகம் உள்ளவரே அதிகம் பயன்பட்டார்.

அதனால் 34 பெயரையும் "அன்றாடம்", "எப்போதாவது", "அரிதாக" என்று பிரித்து, நடுவில் இருப்பவர்களிடம் முதலில் போகலாம். அந்த நடு வகை குறைவாக இருந்தால், லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரிப் பக்கத்தில் அலம்னை (முன்னாள் மாணவர்கள்) என்ற பகுதியைத் திறந்து, படித்த வருடம், ஊர், கம்பெனி, வேலை என்று வடிகட்டலாம். இரண்டு மூன்று பேட்ச் மேலே மெக்கானிக்கல் படித்து இப்போது அனலிடிக்ஸில் இருப்பவர்தான் உங்களுக்குத் தேவையான ஆள். அந்தப் பாலத்தைக் கடந்தவர் அவர்.

ஏற்கெனவே உள்ள தொடர்புகளைக் கையால் டைப் செய்ய வேண்டாம். செட்டிங்ஸில் டேட்டா பிரைவசி, "கெட் எ காப்பி ஆஃப் யுவர் டேட்டா" போய் கனெக்‌ஷன்ஸ் மட்டும் கேட்டால் ஷீட்டில் திறக்கக்கூடிய சிஎஸ்வி ஃபைலாக வரும்: பெயர், கம்பெனி, பதவி, இணைந்த தேதி. மெயில் முகவரிக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும், அனுமதித்தவர்களுடையது மட்டும் வரும்.

செங்காந்தள்

மூன்றாவது கேள்வி, குறிப்பு எடுப்பது.

பேச்சுக்கு முன் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் "அவர் சொன்னது", வலப்பக்கம் "எனக்குத் தோன்றியது". இதைக் கலந்துவிட்டால் ஒரு மாதம் கழித்து, "பைத்தான் (புரோகிராமிங் மொழி) இல்லாமல் வேலை கிடைக்காது" என்பது அவர் சொன்னதா, உங்கள் பயமா என்று தெரியாது.

20 நிமிடத்தில் ஐந்து கேள்விக்கு மேல் போகாது. "உங்க வேலை எப்படி இருக்கு" மாதிரிக் கேள்விக்கு "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். கையில் பிடிக்கிற மாதிரிக் கேளுங்கள்:

காலையில் முதலில் திறப்பது எது, மெயிலா, டாஷ்போர்டா, எக்ஸெல்லா? டேட்டா எஸ்ஏபி-யில் (கம்பெனி நிர்வாக மென்பொருள்) இருந்து நேராக வருகிறதா, இல்லை யாராவது ஷீட்டாக அனுப்புகிறார்களா? எஸ்க்யூஎல்-ல் (டேட்டாபேஸ் மொழி) ஜாயின் (அட்டவணைகளை இணைப்பது) எழுதுவது தினமுமா, மாதத்துக்கு ஒரு முறையா? நீங்கள் போட்ட ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவெடுப்பவர் யார்? கன்ட்ரோல் சார்ட், சிபிகே (உற்பத்தி அளவுகள் வரம்புக்குள் நிற்கிறதா என்று காட்டுபவை), ரிஜெக்‌ஷன் டேட்டா பார்த்த அனுபவம் உங்கள் டீமில் எங்கே உதவும்?

கடைசிக் கேள்வி நிலாவுக்கு மிக முக்கியம். 8 வருடம் மினிடாபும் (புள்ளியியல் மென்பொருள்) பரேட்டோவும் (குறைகளைப் பெரியது முதல் அடுக்கும் வரைபடம்) பார்த்தவர் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கவில்லை. அதை எந்த டீம் மதிக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பேச்சும்.

17-வது நிமிடத்தில் கேள்விகளை நிறுத்தி, "நான் வேறு யாரிடம் பேசலாம்? உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். இரண்டாவது பாதியை விடாதீர்கள். சிலர் எண் தருவார்கள், ஆனால் பெயர் சொல்வதை விரும்ப மாட்டார்கள். "யார் மூலம்" கட்டத்தில் "பெயர் சொல்லலாம்" அல்லது "சொல்லக் கூடாது" என்று குறியுங்கள்.

கால் முடிந்ததும் 15 நிமிடம் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நாள் எழுதலாம் என்று விட்டால் கம்பெனிப் பெயர்களும் எண்களும்தான் முதலில் மறக்கும்.

ஒலிப்பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தானாகக் குறிப்பெடுக்கும் ஏஐ கருவியை மீட்டிங்கில் சொல்லாமல் நுழைத்தால் எதிரில் இருப்பவர் மனம் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்.

துபாய்_தென்றல்

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பேசுவதானால் "ஆட்கள்" டேப்பில் ஊரையும் சேருங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால், இவை மாறாது. லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால். நியூயார்க் ஒன்பதரை அல்லது பத்தரை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நியூயார்க்குக்கு மார்ச் நடுவில் பிப்ரவரிக் கணக்கை வைத்து நேரம் குறித்தால் ஒரு மணி நேரம் தவறும். கேலண்டர் அழைப்பை அவருடைய டைம் ஸோனில் போட்டு அனுப்புங்கள், செய்தியில் இரண்டு நேரத்தையும் எழுதுங்கள்.

கூகுள் மீட் இலவசக் கணக்கில் இருவர் பேசினால் நேரம் பிரச்சினையே இல்லை, மூவரானால் 60 நிமிடம். ஜூம் இலவசம் 40 நிமிடம்.

ஒரகடம்_நிலா

இன்னொரு சந்தேகம். பேச்சின் நடுவிலேயே "ரெஸ்யூமே அனுப்புங்க, ரெஃபர் பண்றேன்" என்று ஒருவர் சொன்னால்? அதே கம்பெனியில் இன்னொருவரும் சொன்னால்?

மரகதம்_ஆள்சேர்ப்பு

அங்கேதான் பலருக்குச் சிக்கல். பல கம்பெனிகளில் ஒரு வேட்பாளர் ஒருவர் பெயரில்தான் பதிவாக முடியும், முதலில் ஏற்றியவருக்கே ரெஃபரல் போகும். இரண்டாமவர் போர்ட்டலில் ஏற்றும்போது "ஏற்கெனவே உள்ளது" என்று வரும். ரெஃபரல் போனஸ் இருக்கும் இடத்தில் இது மனக்கசப்பாகும். நீங்களே கரியர்ஸ் பக்கத்தில் முன்பே அப்ளை செய்திருந்தால் ரெஃபரலே செல்லாமல் போகலாம்.

நாலாவது டேப் வைத்துக்கொள்ளுங்கள், "ரெஃபரல்". கம்பெனி, ஜாப் ஐடி, யார், எந்தத் தேதி, எந்த ரெஸ்யூமே. ஒரு கம்பெனிக்கு ஒருவரிடம் "சரி" சொன்ன பிறகு மற்றவரிடம் உடனே உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: "இன்னார் ஏற்கெனவே ஏற்றிவிட்டார், டீமைப் பற்றி மட்டும் உங்களிடம் தெரிந்துகொள்கிறேன்." ஃபைல் பெயரில் உங்கள் பெயர், பதவி, தேதி மூன்றும் இருக்கட்டும். "ரெஸ்யூமே ஃபைனல் புதுசு 2" என்று வைத்தால் இன்டர்வியூவில் அவர் கையில் இருப்பது எது என்று உங்களுக்கே தெரியாது.

இந்த விஷயத்தை ஆபீஸ் லேப்டாப்பிலோ ஆபீஸ் மெயிலிலோ தொடாதீர்கள். ஷீட், கேலண்டர் இரண்டும் சொந்தக் கணக்கில். லிங்க்ட்இன்னில் ஓபன் டு வொர்க் (வேலை தேடுகிறேன் என்ற அடையாளம்) போடுவதானால் "ரெக்ரூட்டர்களுக்கு மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களிடம் இருந்து மறைக்க லிங்க்ட்இன் முயலும், ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. ஷீட்டில் அடுத்தவர் எண்கள் இருக்கின்றன, "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற ஷேரிங் வேண்டாம்.

பேனாமுனை

ஆறு பேச்சு முடிந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் எஸ்க்யூஎல், பவர் பிஐ (டாஷ்போர்டு போடும் மென்பொருள்), பைத்தான், எக்ஸெல், எஸ்ஏபி. மேலே ஆட்களின் முதலெழுத்து. யார் எதை "தினமும் வேண்டும்" என்றாரோ அங்கே கோடு. எதை முதலில் படிப்பது என்று அந்தக் கட்டம் காட்டும். தொழிற்சாலை சார்ந்த டீம்களையும் வங்கி, ஐ.டி. சேவை டீம்களையும் தனித்தனிக் கட்டமாகப் போடவும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் கணக்குத் தப்பாகும்.

கணக்கர்_மதுரை

வாரம் ஒரு முறை, ஞாயிறு மாலை 40 நிமிடம். முதலில் சிவப்பு வரிகள். அடுத்து "பாக்கி" டேப், கொடுக்க வேண்டியதை முதலில் தீருங்கள். அதன் பிறகுதான் புதிதாக ஐந்து பேர். வரிசையை மாற்றாதீர்கள், புதியவர்களுக்கு எழுதுவது உற்சாகமாக இருப்பதால் பழைய பாக்கி அப்படியே நிற்கும். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறினால் ஞாயிறுக்குப் பதில் வார விடுமுறை நாளைக் கேலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரகடம்_நிலா

எல்லாருக்கும் நன்றி. ஷீட் போட்டாச்சு, லொக்கேல் மாற்றியாச்சு. 34 பேரில் 9 பேர் "எப்போதாவது" வகை. இந்த வாரம் 5 பேருக்கு அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று: வேலை கிடைத்த பிறகு இந்த ஷீட்டை என்ன செய்வது?

மரகதம்_ஆள்சேர்ப்பு

ஆஃபர் கையெழுத்தானதும் சொல்லாதீர்கள். 90 நாள் நோட்டீஸ் காலம் இருக்கும் இடத்தில் நடுவில் என்ன வேண்டுமானாலும் மாறலாம். புது இடத்தில் சேர்ந்த முதல் வாரம் "பேசியாச்சு", "நன்றி சொல்லியாச்சு" இரண்டையும் ஃபில்ட்டர் போட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இரண்டு வரி அனுப்புங்கள்: எங்கே சேர்ந்தீர்கள், அவர் சொன்னதில் எது உதவியது. இரண்டாவது வரிக்குத்தான் "பேச்சு" டேப் தேவைப்படும், ஆகவே அதுவரை எதையும் அழிக்காதீர்கள். ரெஃபர் செய்தும் அந்தக் கம்பெனியில் சேர முடியாமல் போனவர்களுக்குச் செய்தி வேண்டாம், போன் செய்து சொல்லுங்கள்.